0.002 மாத்திரை

நர்சிங் படிப்பில் மருந்துக் கணக்குத் தேர்வில் வந்த கேள்வி இதுதான். டாக்டர் எழுதியிருப்பது லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மருந்து, 0.1 மில்லிகிராம். கையில் இருக்கும் மாத்திரை ஒவ்வொன்றும் 50 மைக்ரோகிராம். எத்தனை மாத்திரை கொடுக்க வேண்டும்?

நான் 0.1-ஐ 50-ஆல் வகுத்தேன். 0.002 வந்தது. கால்குலேட்டரில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது, அப்படியானால் சரி என்று முடிவுகட்டி விடைக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு வேறு போட்டேன். தாள் திரும்பி வந்தபோது மேடம் அதைச் சுழிக்கவில்லை. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "இந்த மாத்திரையை எதை வைத்து வெட்டப் போகிறாய்?"

0.002 மாத்திரை என்றால் ஒரு மாத்திரையை ஐந்நூறு துண்டாக்கி அதில் ஒன்று. கண்ணுக்கே தெரியாது. அப்படி ஒன்றை ஒரு நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று நான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். 0.1 மில்லிகிராம் என்பது 100 மைக்ரோகிராம், ஆக இரண்டு மாத்திரை, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் என் வகுத்தலில் தவறு இல்லை, அதைக் கவனியுங்கள். 0.1 ÷ 50 = 0.002, யார் போட்டாலும் அதுதான் வரும். வகுத்தல் சரி, மருந்து தப்பு. நர்சிங் படிப்பில் மருந்துக் கணக்கைக் கண்டு பயப்படுகிற எல்லோருக்கும் நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால்தான் மானம் போன கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கணக்கு வராது, அதனால்தான் உயிரியல் பக்கம் வந்தேன்" என்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் இங்கே தேவைப்படும் கணிதம் பெருக்கல், வகுத்தல், பின்னம், தசமம், சதவீதம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் இதையெல்லாம் போட்டு மார்க் வாங்கியவர்கள்தான் இருபது வயதில் இங்கே வந்து தோற்கிறோம். தேர்ச்சி மதிப்பெண் வேறு பயமுறுத்தும். பல இடங்களில் தொண்ணூறு கேட்பார்கள். பிரிட்டனில் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2018-இல் வெளியிட்ட விதிமுறைப்படி மருந்துக் கணக்குத் தேர்வில் 100 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. முதலில் இதைக் கேட்டபோது எரிச்சல்தான் வந்தது, மற்ற பாடத்தில் எல்லாம் ஐம்பது போதும் என்கிறபோது இதில் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று. 0.002-க்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சரி, எப்படிப் படிப்பது?

முதலில் முறை. பெரும்பாலும் மூன்று வழிகளில் சொல்லித் தருவார்கள். ஒன்று சூத்திரம்: வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து, அந்த இருப்பு எத்தனை மில்லியில் அல்லது எத்தனை மாத்திரையில் அடங்கியிருக்கிறதோ அதால் பெருக்குவது. இன்னொன்று விகிதம், இதற்கு இது என்றால் அதற்கு எது என்று குறுக்கே பெருக்குவது. மூன்றாவது, அலகுகளைச் சங்கிலியாகக் கோத்து மேலும் கீழும் அடித்துக்கொண்டே போவது. நான் முதலில் பிடித்துக்கொண்டது சூத்திரத்தை, ஏனென்றால் மனப்பாடம் செய்ய அதுதான் சுலபம். என்னைக் கவிழ்த்ததும் அதுதான். அந்தச் சூத்திரத்தில் எண்ணைப் போட இடம் இருக்கிறது, அலகைப் போட இடம் இல்லை. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஒரே பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் அது தடுக்காது.

சங்கிலி முறையில் அதே கணக்கு இப்படி வரும்: 0.1 மில்லிகிராம், பெருக்கல் 1000 மைக்ரோகிராமுக்குக் கீழே 1 மில்லிகிராம், பெருக்கல் 1 மாத்திரைக்குக் கீழே 50 மைக்ரோகிராம். மேலே உள்ள மில்லிகிராமும் கீழே உள்ள மில்லிகிராமும் அடிபடும், மைக்ரோகிராம் இரண்டும் அடிபடும், கடைசியில் மிஞ்சுவது மாத்திரை. விடை 2. நடுவில் ஒரு படியை மறந்தால் அலகு அடிபடாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அந்த முறைப்புதான் தேவைப்பட்டது. எந்த முறை உயர்ந்தது என்று சீனியர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள், அதில் தலையிட வேண்டாம். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாக் கணக்குக்கும் அதையே போடுங்கள். மூன்றையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்துத் தேர்வு அறையில் எதைப் போடலாம் என்று யோசிப்பதுதான் ஆபத்து.

ஆனால் முறையைவிட எனக்கு அதிகம் உதவியது வேறு ஒரு பழக்கம். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் விடை சுமார் எவ்வளவு இருக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவது. துல்லியமாக வேண்டாம். ஒன்றுக்கு மேலா, கீழா? பத்தைத் தாண்டுமா? அது போதும். பன்னிரண்டு கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம், சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 180 மில்லிகிராம். 120 என்றால் 5 மில்லி, 240 என்றால் 10 மில்லி, 180 சரியாக நடுவில் நிற்கிறது, ஆக 7.5 மில்லி. கால்குலேட்டர் வெளியே வரவே இல்லை. இப்படி ஒரு எதிர்பார்ப்பு ஏற்கெனவே மனதில் இருந்தால், பிறகு தசமப் புள்ளி நழுவி 75 என்றோ 0.75 என்றோ வந்தால் உடனே உறுத்தும். எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு எந்த எண்ணும் உறுத்தாது. அன்று எனக்கு உறுத்தவில்லையே.

இந்த உறுத்தல் தானாக வராது, கைக்குப் பழக வேண்டும். நான் செய்தது, ஊசியில்லாத காலி சிரிஞ்சுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கின் விடையையும் தண்ணீரில் உறிஞ்சிப் பார்த்தேன். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் 0.4 மில்லி எவ்வளவு கொஞ்சம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாதாரணமாக மாத்திரை என்றால் அரை, ஒன்று, இரண்டு. மூன்றைத் தாண்டினால் நான் நின்று ஆர்டரைத் திரும்பப் படிப்பேன். ஒரு டோஸுக்கு நான்கு வயலை, அதாவது ஊசி மருந்துக் குப்பியை, உடைக்க வேண்டியிருந்தாலும் அப்படியே. தவறாகத்தான் இருக்கும் என்று இல்லை, சில மருந்துக்கு உண்மையிலேயே அவ்வளவு தேவைப்படும். ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

சிரிஞ்சைக் கையில் எடுத்ததும் இன்னொன்றும் புரிந்தது. விடையை எந்தத் தசம இடத்தில் முழுமையாக்குவது, அதாவது ரவுண்டு செய்வது, என்ற குழப்பம். ஒரு மில்லி சிரிஞ்சில் கோடுகள் 0.01 இடைவெளியில் இருக்கும், 3 மில்லியில் 0.1, 5 மில்லியில் பெரும்பாலும் 0.2. அதனால்தான் ஒரு மில்லிக்குக் கீழே என்றால் இரண்டு தசம இடம், மேலே என்றால் ஒரு இடம் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். சொட்டு என்றால் முழு எண்தான், அரைச் சொட்டு விழாது. இந்த விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், கேள்வித்தாளின் தலைப்பில் எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் நான் இரண்டு மார்க் விட்டிருக்கிறேன். அதைவிட மோசம் நடுவிலேயே முழுமையாக்குவது. ஒரு லிட்டர் குளுக்கோஸ் 9 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப்ஸ் குழாய் செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 1.85 மில்லி என்று வருகிறது. அதை அங்கேயே 2 என்று ஆக்கிவிட்டால் 40 சொட்டு. கடைசிவரை அப்படியே விட்டால் 37.

டிரிப்ஸ் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், எனக்குப் பிடித்த பகுதி. பெரிய சொட்டு செட்டில் ஒரு மில்லிக்கு 10, 15 அல்லது 20 சொட்டு, மைக்ரோ செட்டில் 60. உறையில் அச்சடித்திருப்பார்கள். 1000 மில்லி 8 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125 மில்லி. 20 சொட்டு செட்டில் 125-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 41.67, ஆக நிமிடத்துக்கு 42 சொட்டு. ஒரு நாள் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது, 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுப்பதும் நேராக 3-ஆல் வகுப்பதும் ஒன்றுதானே! 15 சொட்டு செட் என்றால் 4, 10 என்றால் 6, மைக்ரோ செட் என்றால் 1, அதாவது மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. புத்தகத்திலும் இது இருக்கிறது என்று பிறகு தெரிந்தது, ஆனால் நானே கண்டுபிடித்ததாக இன்றுவரை பெருமை பேசிக்கொள்கிறேன். டிரிப்ஸை அளந்து ஏற்றும் பம்ப் இருக்கிற இடத்தில் மணிக்கு எத்தனை மில்லி என்று அழுத்தினால் போதும், சொட்டு எண்ண வேண்டாம் என்பார்கள். உண்மைதான். பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் இருக்காது என்பதும் உண்மைதான்.

கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மைக்ரோகிராம் என்று மூன்று வந்து விழும் கணக்குதான் எல்லோரையும் கவிழ்ப்பது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபமைன், 60 கிலோ நோயாளி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம், பையில் 250 மில்லியில் 400 மில்லிகிராம். பம்பில் என்ன போடுவது? முதலில் பையைப் பிரித்துவிடுங்கள்: 400-ஐ 250-ஆல் வகுத்தால் ஒரு மில்லிக்கு 1.6 மில்லிகிராம், அதாவது 1600 மைக்ரோகிராம். அப்புறம் நோயாளி: 5 பெருக்கல் 60, நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18,000. அதை 1600-ஆல் வகுத்தால் மணிக்கு 11.25 மில்லி. இதில் கேள்வி தயாரித்தவரின் குறும்பு, எடையும் 60, நிமிடமும் 60. நான் ஒரு 60-ஐ ஏற்கெனவே பெருக்கிவிட்டேன் என்று நினைத்து இன்னொன்றை விட்டுவிட்டேன், 0.19 மில்லி வந்தது. இம்முறை உறுத்தியது. மணிக்கு 0.19 மில்லி என்றால் அந்தப் பை தீர ஐம்பது நாளுக்கு மேல் ஆகும்.

எடை பவுண்டில் கொடுக்கப்பட்டிருந்தால் 2.2-ஆல் வகுக்க வேண்டும். வகுப்பதா பெருக்குவதா என்று குழம்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், கிலோ எண் எப்போதும் சிறியது. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமானது இல்லை. 1983-இல் கனடாவில் ஒரு போயிங் 767 விமானம், எரிபொருளை லிட்டரிலிருந்து கிலோவுக்கு மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பி, நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு விமானப்படை ஓடுதளத்தில் சறுக்கி இறங்கியது. யாரும் சாகவில்லை. பெருக்கியவர்கள் தவறாகப் பெருக்கவில்லை. ஒருவருக்கு மேல் சரிபார்த்தும் இருந்தார்கள், எல்லோரும் அதே தவறான எண்ணை வைத்து. இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு என் மாத்திரைதான் நினைவுக்கு வந்தது.

பொடி மருந்தைக் கரைக்கும் கணக்கில் பொறி வேறு மாதிரி. செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக், 1 கிராம் வயலில் 9.6 மில்லி சேர்த்தால் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் கிடைக்கும் என்று லேபிளில் இருக்கும். 9.6 ஊற்றினால் 10 எப்படி வருகிறது என்று கேட்டால், பொடியும் இடம் பிடிக்கிறது. 750 மில்லிகிராம் வேண்டும் என்றால் 7.5 மில்லி எடுக்க வேண்டும். 9.6-ஐக் கணக்குக்குள் கொண்டுவந்தால் 7.2 என்று வரும், கிட்டத்தட்ட சரியாகத் தெரியும், அதுதான் மோசம், ஏனென்றால் உத்தேச மதிப்பும் இங்கே காப்பாற்றாது. எவ்வளவு ஊற்றினோம் என்பதை விட்டுவிட்டு ஊற்றிய பிறகு என்ன செறிவு என்பதை மட்டும் எடுக்க வேண்டும். சதவீதமும் விகிதமும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: 1 சதவீதம் என்றால் 100 மில்லியில் 1 கிராம், ஆக மில்லிக்கு 10 மில்லிகிராம், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் 2 சதவீதம் என்றால் மில்லிக்கு 20. அட்ரினலின் 1:1000 என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம், 1:10,000 என்றால் 0.1. பெரிய எண்ணாக இருப்பது வீரியம் குறைந்தது. இது ஆட்களைக் குழப்புகிறது என்பதால் அமெரிக்காவில் 2016 முதல் ஒற்றை மருந்து ஊசிகளின் லேபிளில் இப்படி விகிதமாக எழுதுவதையே எடுத்துவிட்டார்கள்.

லேபிள் என்றதும் சொல்ல வேண்டும். 2007-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடிகர் டென்னிஸ் க்வேடின் பிறந்து சில நாளே ஆன இரட்டைக் குழந்தைகளுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மில்லிக்கு 10 யூனிட் போட வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் வயல் போய்விட்டது. ஆயிரம் மடங்கு. குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. இரண்டு வயலிலும் லேபிள் நீல நிறம். அங்கே யாரும் கணக்கே போடவில்லை, போட்டிருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும்.

எழுதும் விதத்திலும் இரண்டு கண்டிப்புகள் உண்டு, அரை என்றால் 0.5, வெறும் புள்ளி ஐந்து கூடாது. ஐந்து என்றால் 5, 5.0 கூடாது. புள்ளி மங்கினால் முதலாவது ஐந்தாகும், இரண்டாவது ஐம்பதாகும். யூனிட் என்பதற்கு U என்று ஒற்றை ஆங்கில எழுத்தை எழுதினால் அது பூஜ்யம் மாதிரி தெரியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இலேயே இவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. பயிற்சி நோட்டில்கூட இப்படியே எழுதிப் பழகுங்கள், தேர்வன்று புதிதாக வராது.

நோட்டு என்றால் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் கணக்கு, தினமும் ஐந்தாறு, எல்லா வகையும் கலந்து. டிரிப்ஸ் மட்டும் ஐம்பது என்று ஒரே நாளில் போட்டால் கை தானாகப் போகும், மூளை தூங்கிவிடும். இன்னொன்றில் தவறுகள் மட்டும், ஏன் தவறியது என்ற ஒரு வரியுடன். அந்த இரண்டாவது நோட்டைத்தான் தேர்வுக்கு முந்தின இரவு படித்தேன். ஒரு மாதம் கழித்து புரட்டிப் பார்த்தால் பெருக்கல் வகுத்தல் தவறு விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றதெல்லாம் அலகு மாற்றாதது, "ஒரு நாளைக்கு" என்பதை "ஒரு வேளைக்கு" என்று படித்தது, தேவையில்லாமல் கொடுத்த எண்ணையும் கணக்கில் இழுத்தது. கணக்கு வராது என்று அத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு வராமல் இருந்தது வாசிப்பு.

மறுதேர்வில் தேறிவிட்டேன், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். 70 கிலோ நோயாளி, ஹெபாரின், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். இந்த மாதிரி மருந்துக்கு இரண்டு பேர் கணக்குப் பார்க்க வேண்டும். சிஸ்டர் என்னையும் பயிற்சிக்காகப் போடச் சொன்னார். மணிக்கு 1260 யூனிட், மில்லிக்கு 100 யூனிட், 12.6 மில்லி. உத்தேசமும் பொருந்தியது. சந்தோஷமாகப் போய், "சிஸ்டர், 12.6 தானே?" என்றேன்.

"நம்பரைச் சொல்லாதேம்மா. நீ சொன்னா என் கண்ணுக்கும் அதுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்று, தன் கையிலிருந்த தாளில் தனியாகப் போட்டார். முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் "பையைப் பாத்தியா?" என்றார்.

பார்க்கவில்லை. நோட்டில் நான் போட்ட ஹெபாரின் கணக்கு எல்லாவற்றிலும் 25,000 யூனிட் 250 மில்லியில்தான் இருந்தது, அதனால் இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் தொங்கிய பையைத் திருப்பினேன். 25,000 யூனிட், 500 மில்லி. மில்லிக்கு 50. என் எண்ணை அடித்துவிட்டு 25.2 என்று எழுதிக் காட்டினேன். சிஸ்டர் அப்போதுதான் தன் தாளை நிமிர்த்தினார்.